கணக்கும் மனச்சாட்சியும்



கணக்கு என்றவுடன் இரண்டும் இரண்டும் நான்கு என்னும் உறுதியே நம்மிற் பலருக்கு நினைவுக்கு வரும். வகுப்பறைக் கணக்கிற்கு விடை ஒன்றுதான். ஆசிரியர் எழுதினாலும் மாணவன் எழுதினாலும் அது மாறுவதில்லை. ஆனால் வணிக உலகின் கணக்கு அத்தகையதன்று. ஒரு கம்பனி இவ்வாண்டு எவ்வளவு இலாபம் ஈட்டியது என்று கேட்டால், நேர்மையான இரு கணக்காளர் இரு வேறு விடைகளைக் கூறக்கூடும். இரண்டும் சட்டத்திற்கு அமைந்தனவாகவே இருக்கவுங் கூடும். அவ்விரு விடைகளுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியிலேதான் மனிதனுடைய குணம் வந்து நுழைகின்றது. முகாமையாளரின் சொந்த ஒழுக்கமும் தொழிற்பற்றும் அங்கு என்ன செய்கின்றன என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

நான் கணக்காளன் அல்லன். கலைப் பட்டதாரி, வரலாறு கற்பித்து, பின்னர் அதிபர் பதவியை ஏற்றவன். எனினும் ஒரு பாடசாலைக்குத் தலைமை தாங்குபவன் ஆண்டு முழுவதும் ஏதாவதோர் எண்ணின் கீழே கையொப்பமிட்டுக்கொண்டே இருக்கின்றான். வரவு இடாப்பு, தளபாடக் கணக்கு, அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவு, பரீட்சைப் பெறுபேற்று வீதம் என்று அவை பலவாகும். எண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள உறவு எவ்வளவு எளிதிற் குலைந்துவிடும் என்பதை நான் கணக்கியல் நூல்களிற் கற்கவில்லை. என் மேசையிலேயே கற்றேன். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்வேன். முதலில், இலாபம் என்னும் எண் எவ்வாறு பிறக்கின்றது என்பதைப் பார்ப்போம்.

ஒரு போக்குவரத்துக் கம்பனி எண்பது இலட்சம் ரூபாவிற்கு ஒரு லொறி வாங்குகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லொறி தேய்ந்துகொண்டே போகும். ஆகவே அதன் விலையை அது உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, ஆண்டுதோறும் ஒரு பங்கைச் செலவாக எழுதவேண்டும். இதனையே பெறுமானத் தேய்வு என்பர். லொறி ஐந்தாண்டு உழைக்கும் என்று மதிப்பிட்டால் ஆண்டுச் செலவு பதினாறு இலட்சம். எட்டாண்டு உழைக்கும் என்று மதிப்பிட்டாற் பத்து இலட்சம். ஐந்தை எட்டாக மாற்றிய பேனா, ஆண்டொன்றிற்கு ஆறு இலட்சம் ரூபா இலாபத்தைப் படைத்துவிட்டது. காசுப் பெட்டிக்குள் ஒரு சதமேனும் புதிதாக விழவில்லை. லொறியும் ஒரு மைல் கூடுதலாக ஓடவில்லை.

கடன் விடயமும் இத்தகையதே. கடனுக்குப் பொருள் கொண்டுபோனவர்களுள் எத்தனை பேர் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டு, ஐயக்கடனுக்கு ஓர் ஏற்பாடு செய்யவேண்டும். அதனைச் சற்றுக் குறைத்தால் இவ்வாண்டு இலாபம் உயரும், கூட்டினால் தாழும். நல்ல ஆண்டிலே தேவைக்கு மேல் ஒதுக்கிவைத்து, கெட்ட ஆண்டிலே அதனை அவிழ்த்துவிட்டால் கம்பனி ஏற்ற இறக்கமின்றி அழகாக வளர்வதுபோலத் தோன்றும். இன்னும் சிலர் ஏட்டைத் தொடுவதில்லை, செயலையே வளைப்பார்கள். மார்ச்சு மாதம் முப்பத்தோராந் தேதிக்கு முன்னர் இலக்கை எட்டவேண்டும் என்பதற்காக, வியாபாரிகள் கேளாத சரக்கைச் சலுகை காட்டி அவர்கள் களஞ்சியத்திலே தள்ளிவிடுவார்கள். இயந்திரத்தின் பழுது பார்க்கும் வேலையை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிப்போடுவார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்து அறிஞர்கள் இலாப முகாமைத்துவம் என்று பெயரிட்டுள்ளனர். நம்மூர்ப் பேச்சிற் சொல்வதானால் ‘கணக்கைச் சரிக்கட்டுதல்’. இது எப்பொழுதும் சட்ட விரோதமன்று என்பதை மனத்திற் கொள்ளல்வேண்டும். மதிப்பீடு இல்லாமற் கணக்கே இல்லை. லொறி உண்மையிலேயே எட்டாண்டு உழைக்கும் என்று அநுபவத்தாற் கண்டு எட்டு என்று எழுதுபவன் நேர்மையானவன். இலாபம் ஆறு இலட்சத்தாற் குறைகின்றதே என்று கண்டு எட்டு என்று எழுதுபவன் வேறொருவன். ஏட்டிலே இருவர் எழுத்தும் ஒன்றுதான். வேறுபாடு நெஞ்சிலே இருக்கின்றது. சட்டம் ஏட்டைப் படிக்கும். நெஞ்சைப் படிப்பது அதற்கு அரிது.

இஃது ஏதோ சில கெட்டவர்களின் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மூவர், நானூறுக்கு மேற்பட்ட நிதித்துறை நிருவாகிகளிடம் வினாக்கள் தொடுத்துப் பெற்ற விடைகளை வெளியிட்டனர். இலாபம் ஏற்ற இறக்கமின்றிக் காட்சியளிப்பதற்காகக் கம்பனியின் உண்மையான நெடுங்கால நன்மையை விட்டுக்கொடுப்போம் என்று ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர். இவர்கள் கொள்ளைக்காரர் அல்லர். நன்றாகக் கற்றவர்கள், குடும்பத்தினர், அயலவரால் மதிக்கப்படுபவர்கள்.

இனி என் மேசையின் கதைக்கு வருகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் அதிபராகப் பொறுப்பேற்ற முதற் பாடசாலையிலே, க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள் தோற்றவிருந்தனர். ஆசிரியர்களோடு அமர்ந்து கணித்துப் பார்த்தபொழுது இருபத்துநான்கு பேர் தேறுவர் என்று கண்டோம். நூற்றுக்கு ஐம்பத்தேழு. அயற் பாடசாலையின் வீதம் அறுபதுக்கு மேல். அப்பொழுது அநுபவமிக்க ஓர் ஆசிரியர் மெல்லச் சொன்னார்: “சேர், தேறவே மாட்டாதவர்கள் ஏழு பேர் இருக்கின்றார்கள். அவர்களைத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாக விண்ணப்பிக்கச் சொல்லிவிடலாமே.” ஏழு பேரை நீக்கினால் முப்பத்தைவரில் இருபத்துநால்வர், வீதம் அறுபத்தெட்டைத் தாண்டிவிடும். ஒரு பிள்ளையேனும் ஓர் எழுத்துக் கூடுதலாகக் கற்கவில்லை. ஆயினும் பாடசாலை முன்னேறிவிட்டது.

நேயர்களே, நான் இணங்கினேன். அதனை மறைத்து இன்று உங்களுக்கு ஒழுக்கம் பேசுவது முறையன்று. அந்த ஆண்டு எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அந்த எழுவருட் சிலர் தனிப்பட்ட முறையிற் பரீட்சை எழுதினர், சிலர் எழுதவேயில்லை. நான் பொய்யான எண் எதனையும் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அஃது உண்மையுங்கூட, எண் சரியானதே. ஆனால் அந்த எண் எதனைச் சொல்வதற்காக உண்டாயிற்றோ அதனைச் சொல்லாமல், நான் விரும்பியதைச் சொல்லிற்று. கணக்கைச் சரிக்கட்டும் முகாமையாளனும் நானும் அன்று ஒரே வாங்கில் அமர்ந்திருந்தோம்.

ஆகவே இந்த விடயத்தைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியபொழுது, திருடர்களைப் பற்றிப் படிக்கவில்லை. என்னைப் போன்றவர்களைப் பற்றியே படித்தேன். அவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் உலுக்கியது அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் என்னும் தொலைபேசிக் கம்பனியின் வரலாறாகும்.

மிசிசிப்பி மாநிலத்திலே கிளின்ரன் என்னும் சிற்றூரிலே அதன் தலைமையகம் இருந்தது. 2000ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அதன் வருமானம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. பிற தொலைபேசிக் கம்பனிகளின் இணைப்புகளைப் பயன்படுத்துவதற்காக அது கட்டணம் செலுத்திவந்தது; அந்தச் செலவோ பெருகிக்கொண்டிருந்தது. பங்குச் சந்தைக்கு வாக்களித்த இலாபம் கிட்டாது என்று கண்ட மேலிடம், வேறு தேவைகளுக்காக ஒதுக்கிவைத்திருந்த தொகையிலிருந்து 82.8 கோடி டொலரை எடுத்து அந்தச் செலவைக் குறைத்துக் காட்டும்படி கணக்குப் பகுதியினருக்குக் கட்டளையிட்டது. அப்பகுதியில் இடைநிலைப் பதவி வகித்தவர் பெற்றி வின்சன் என்னும் அம்மையார்.

அவர் அதிர்ந்துபோனார், இது சரியன்று என்று சொன்னார். எனினும் இந்த ஒரு முறைதான் என்ற உறுதிமொழியை நம்பி எழுதினார். பின்னர் மனம் பொறாமற் பதவி விலக எண்ணினார். நிதிப் பொறுப்பதிகாரி ஸ்கொட் சலிவன் அவரையும் உடன் பணியாற்றிய ஒருவரையும் அழைத்துச் சமாதானம் பேசினார். ஆகாயத்திலே பறந்துகொண்டிருக்கும் விமானங்களைக் கப்பலில் இறக்கும்வரை மட்டும் பொறுத்திருங்கள், பிறகு விரும்பினாற் செல்லலாம் என்னும் கருத்துப்பட ஓர் உவமை கூறினார். அம்மையாரின் சம்பளமே அவர் குடும்பத்தின் முதன்மையான ஊன்றுகோல். அவர் தங்கிவிட்டார்.

அடுத்த ஆண்டின் முதற் காலாண்டிலே ஒதுக்கிவைத்த தொகையும் போதவில்லை. இம்முறை புதியதொரு வழி கண்டனர். 77.1 கோடி டொலர்ச் செலவைச் செலவாக எழுதாமல், சொத்து வாங்கியதாக எழுதினர். மாதந்தோறும் வீட்டு வாடகை கொடுத்துவிட்டு, வீட்டையே விலைக்கு வாங்கியதாக ஏட்டிற் பதிவது எத்தகையதோ அத்தகையது இது. அதனையும் பெற்றி வின்சன் எழுதினார். அடுத்த காலாண்டிலும் எழுதினார், அதற்கடுத்ததிலும் எழுதினார். பதவி உயர்வும் சம்பள உயர்வும் வந்தன, உறக்கம் போயிற்று.

அதே கட்டடத்திலே இன்னோர் அம்மையார் இருந்தார். சிந்தியா கூப்பர் என்பது அவர் பெயர். உள்ளகக் கணக்காய்வுப் பகுதிக்குத் தலைவர். அவரும் அந்த ஊரிலே வளர்ந்தவர். நிருவாக ஒழுங்கின்படி அவரும் சலிவனுக்குக் கீழ்ப்பட்டவரே. 2002ஆம் ஆண்டு மே மாதமளவில் விளங்காத சில சொத்துப் பதிவுகள் அவர் பகுதியினர் கண்ணிற் பட்டன. விளக்கம் கேட்டார், தெளிவான விடை கிடைக்கவில்லை. வெளிக் கணக்காய்வாளரான ஆதர் அண்டர்சன் நிறுவனத்தாரோ அதனைப் பெரிதுபடுத்தவில்லை. அவரும் உதவியாளரும் மாலை நேரங்களிலும் இரவிலும் இருந்து பதிவுகளைத் தேடினர். கண்டவற்றை எவரும் அழித்துவிடாதவாறு தனியே பிரதிசெய்து வைத்தனர். ஆய்வைச் சில மாதங்களுக்கு ஒத்திவைக்கும்படி சலிவன் கேட்டார். கூப்பர் ஒத்திவைக்கவில்லை.

யூன் மாதம் பதினேழாந் தேதி அவர் தம் பகுதி அலுவலர் ஒருவருடன் பெற்றி வின்சனின் மேசைக்குச் சென்றார். இந்தப் பதிவுகளுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார். எழுதியவர் நானே, ஆதாரம் என்னிடம் இல்லை என்பதே அதற்குக் கிடைத்த விடை. இந்தக் காட்சியை நான் பல முறை நினைத்துப் பார்த்திருக்கின்றேன். மேசையின் இரு புறமும் இரு கணக்காளர்; இருவரும் குடும்பத்தைத் தாங்கியவர்கள்; இருவருக்கும் மேலே ஒரே மேலதிகாரி. ஒருவர் கேட்கின்றார், மற்றவரிடம் விடையில்லை.

பின்னர் நிகழ்ந்ததை விரைந்து சொல்லிவிடலாம். 380 கோடி டொலருக்கு மேற்பட்ட பிழையான கணக்கு வெளிவந்தது. ஆய்வு முடிந்தபொழுது அது 1,100 கோடியாக வளர்ந்துவிட்டது. 17,000 ஊழியரை நீக்கப்போவதாகக் கம்பனி அறிவித்தது. 2002ஆம் ஆண்டு யூலை மாதம் இருபத்தோராந் தேதி அது வங்குரோத்து நிலையைப் பிரகடனஞ் செய்தது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அத்துணைப் பெரிய வங்குரோத்து நிகழ்ந்ததில்லை. தலைமை நிருவாகி பேர்னாட் எபர்சுக்கு இருபத்தைந்து ஆண்டுச் சிறை, சலிவனுக்கு ஐந்தாண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்ட பெற்றி வின்சனுக்கு ஐந்து மாதச் சிறையும் ஐந்து மாத வீட்டுக் காவலும் விதிக்கப்பட்டன.

நேயர்களே, இங்கே ஒரு வினா எழுகின்றது. பெற்றி வின்சன் தீயவரா? அல்லர் என்றே நான் நினைக்கின்றேன். எழுதச் சொன்ன முதல் நாளே, இது சரியன்று என்று அவர் நெஞ்சு சொல்லிற்று, வாயுஞ் சொல்லிற்று. சொந்த ஒழுக்கம் அவரிடம் இருந்தது. ஆனால் அந்த ஒழுக்கம் தனியே நின்றது; அதற்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் இருக்கவில்லை. கம்பனிமீது பற்று, மேலதிகாரிமீது மதிப்பு, உடன் உழைப்போரைக் கைவிடக்கூடாதென்ற இரக்கம் ஆகிய நற்குணங்களே அவரைப் பிழையின் பக்கம் இழுத்துச் சென்றன. விசுவாசம் நல்ல குணந்தான். யாருக்கு விசுவாசம் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கின்றது.

கூப்பரிடம் இருந்தது என்ன? நல்ல மனம் மட்டுமன்று, தொழிற்பற்று. தொழிற்பற்று என்பது கம்பனிமீது கொள்ளும் பற்றிலிருந்து வேறானது. நான் இந்தக் கம்பனியின் ஊழியன் என்பது ஓர் உணர்வு. நான் ஒரு கணக்காய்வாளன், இந்தக் கம்பனி உண்டாவதற்கு முன்பும் இருந்த, இது மறைந்த பின்பும் இருக்கப்போகின்ற ஒரு தொழிலின் உறுப்பினன் என்பது வேறோர் உணர்வு. முன்னையது ‘மேலதிகாரி என்ன சொல்வார்?’ என்று கேட்கும். பின்னையது ‘ஆதாரம் எங்கே?’ என்று கேட்கும். இந்த இரண்டாம் வினாவைக் கேட்கும் பழக்கம் ஒரு நாளிலே வருவதன்று. சிறிய பற்றுச்சீட்டிலும், யாரும் பார்க்காத பதிவிலும் கேட்டுக் கேட்டுப் பழகியவனுக்கே, மேலதிகாரி எதிரில் நிற்கும்பொழுதும் அந்த வினா நாவிலே வரும்.

ஆகவே சொந்த ஒழுக்கம், தொழிற்பற்று என்னும் இரண்டும் ஒன்றல்ல, ஒன்றுக்கொன்று துணையானவை. ஒழுக்கமின்றித் தொழிற்றிறன் மட்டும் உள்ளவன் கணக்கைச் சரிக்கட்டுவதில் மேலும் வல்லவனாவான். சலிவன் திறமையிற் குறைந்தவர் என்று எவரும் சொல்லவில்லை. தொழிற்பற்று இன்றி நல்ல மனம் மட்டும் உள்ளவனோ, அழுதுகொண்டே எழுதுவான்.

இனிக் கட்டளை என்று ஒன்று வெளிப்படையாகப் பிறக்காமலே இது நிகழ்வதும் உண்டு. யப்பானின் தொஷிபா கம்பனியிலே மேலிடத்தார், எட்டமுடியாத இலாப இலக்குகளைக் காலாண்டு முடியுந் தறுவாயிற் பகுதித் தலைவர்களுக்கு விதித்தனர். அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் ‘சவால்’. பொய் எழுது என்று சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. மேலோர் சொல்லை மறுத்தல் தகாது என்ற வழக்கம் ஊறிய இடத்திலே, கீழுள்ளோர் தாமாகவே வழி தேடினர். 2015ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்த சுயாதீனக் குழுவின் அறிக்கை, ஏறக்குறைய ஏழாண்டுக் காலத்தில் 15,180 கோடி யென் இலாபம் மிகைப்படுத்திக் காட்டப்பட்டதென்று கூறிற்று. தலைவர் ஹிசாவோ தனாக்கா பதவி துறந்தார். பெரியோர் சொல்லைத் தட்டாமை நம்முடைய பண்பாட்டிலும் உயர்வாகப் போற்றப்படுகின்றது; ஆகவே இந்த வரலாறு நமக்கும் தூரமானதன்று.

நம் அயல் நாடாகிய இந்தியாவிலே, ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சத்தியம் கணினிக் கம்பனியின் தலைவர் இராமலிங்க ராஜு, 2009ஆம் ஆண்டு சனவரி ஏழாந் தேதி தம் பணிப்பாளர் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய காசில் 5,040 கோடி இந்திய ரூபா இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். உண்மை இலாபத்திற்கும் ஏட்டு இலாபத்திற்கும் இடையே தொடக்கத்தில் இருந்தது சிறிய இடைவெளியே என்றும், அஃது ஆண்டுதோறும் வளர்ந்து கைமீறிப் போயிற்று என்றும் விளக்கினார். புலியின்மேல் ஏறிச் செல்பவன் இறங்க வழியறியாது தவித்ததுபோலத் தம் நிலை இருந்ததென்றார். புலிவால் பிடித்தவன் கதை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கம்பனியின் பெயரோ ‘சத்தியம்’!

இந்த மூன்று வரலாற்றிலும் பொதுவான ஒன்று உண்டு. எவரும் பெரும் பொய் சொல்லத் தீர்மானித்துத் தொடங்கவில்லை. ஒரு காலாண்டு கடந்தாற் போதும் என்றே தொடங்கினர். இவ்வாண்டு கூட்டிக் காட்டிய இலாபம் அடுத்த ஆண்டின்மேற் கடனாக விழுகின்றது. அடுத்த ஆண்டு அந்தக் கடனையும் தீர்த்து, அதற்கு மேலும் வளர்ந்து காட்டவேண்டும். வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போலப் பொய்யும் ஏறுகின்றது. வேர்ல்ட்கொம் கம்பனியின் கணக்குக் கட்டுப்பாட்டாளரிடம் கூப்பர் கேட்டபொழுது, முதற் பதிவே தமக்கு உவப்பாக இருக்கவில்லை என்றும், ஒரு முறை செய்தபின் நிறுத்துவது கடினமாயிற்று என்றும் அவர் கூறினார். ஆதலால் ஒழுக்கத்தின் பெறுமதி கடைசிப் பதிவிலன்று, முதற் பதிவிலேயே அறியப்படும். அந்த முதற் பதிவு அற்பமானது என்று தோன்றுவதனாலேதான் அது ஆபத்தானது.

இவற்றுக்கெல்லாம் சட்டந்தானே மருந்து என்று நீங்கள் கேட்கலாம். சட்டம் வேண்டும், அதில் ஐயமில்லை. வேர்ல்ட்கொம் வீழ்ந்த அதே மாதத்தில் அமெரிக்கா புதிய சட்டமொன்றை இயற்றி, கணக்கு உண்மையென்று தலைமை நிருவாகியும் நிதிப் பொறுப்பதிகாரியும் தாமே சான்றுரைக்க வேண்டுமென்று விதித்தது. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாற் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அமைந்தது. 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கணக்கீட்டு நியமங்களுக்குச் சட்ட வலுவளித்து, அவற்றைக் கண்காணிக்க ஒரு சபையையும் நிறுவிற்று. இவை பயனுள்ள வேலிகள். ஆயினும் 2001ஆம் ஆண்டின் இறுதியில் வீழ்ந்த என்ரோன் என்னும் கம்பனி, அறுபத்துநான்கு பக்கங்கொண்ட ஒழுக்கக் கோவையொன்றை அச்சிட்டுத் தன் ஊழியருக்கு வழங்கியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒழுக்கம் அச்சிலே இருந்தது; அவ்வளவே.

விதிகள் பெருகப் பெருக, விதியின் ஓரத்திலே நடக்கும் கலையும் வளர்கின்றது. ‘இதற்குத் தடை எங்கே?’ என்று கேட்பவனுக்கு எந்த விதியும் போதாது. ‘இதனைப் படிப்பவன் உண்மையை அறிவானா?’ என்று கேட்பவனுக்கோ ஒரு விதியே போதும். திருவள்ளுவர் வணிகத்தைப் பற்றிக் கூறும் குறளைப் பொருட்பாலிலே செல்வம் பற்றிப் பேசும் இடத்தில் வைக்கவில்லை. அறத்துப்பாலிலே நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்தார். வாணிகத்தின் வேர் அறத்திலே இருக்கின்றது என்பதற்கு அந்த வைப்பு முறையே சான்றன்றோ?

இதெல்லாம் பெரிய கம்பனிகளின் விவகாரம், நமக்கென்ன என்று எவரும் எண்ணவேண்டாம். நம் நாட்டுத் தொழிலாளியின் சம்பளத்திற் பிடிக்கப்படும் ஊழியர் சேமலாப நிதியின் ஒரு பகுதி பங்குகளிலும் முதலிடப்படுகின்றது. எங்கோ ஒரு கம்பனியின் ஏட்டிலே ஐந்து எட்டாக மாறும்பொழுது, ஆடைத் தொழிற்சாலையிலே தையல் இயந்திரத்தின் முன்னர் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுமைக்காலச் சோறும் அந்த எண்ணோடு கட்டுண்டிருக்கக்கூடும். அந்த ஏட்டை அவள் காணப்போவதில்லை, கண்டாலும் விளங்கப்போவதில்லை. அவளுக்காக அதனைப் படிப்பவன் கணக்காளன். இதுவே அவன் தொழிலின் பெருமையும் பாரமும் ஆகும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, தலைமையில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். கெட்ட செய்தியைக் கொண்டுவருபவனை நீங்கள் எப்படி வரவேற்கின்றீர்கள் என்பதைப் பொறுத்தே உங்கள் மேசைக்கு உண்மை வரும். இலக்கை எட்டாதவனை அவமதித்து, எப்படி எட்டினான் என்று கேளாமல் எட்டியவனைப் பாராட்டுகின்ற இடத்திலே, சில ஆண்டுகளில் எல்லோரும் இலக்கை எட்டிவிடுவார்கள். நிறுவனம் மட்டும் எங்கும் சென்றிராது. இரண்டாவது, இளங் கணக்காளருக்கு ஒரு சொல். நெருக்கடி வரும் நாளிலே தனித்து நிற்கவேண்டாம். உங்கள் தொழிலுக்கு ஒரு நிறுவகம் உண்டு, நெறிக்கோவை உண்டு, மூத்தோர் உண்டு. ஐயம் எழுந்த அன்றே அவர்களோடு பேசுங்கள். சிறிது சிக்கனமாக வாழ்ந்து, சில மாதச் சம்பளத்தையேனும் சேமித்து வையுங்கள். ‘முடியாது’ என்னும் சொல்லைச் சொல்வதற்கு நெஞ்சுரம் மட்டுமன்றி அடுப்பிலே நெருப்பும் வேண்டும். மூன்றாவது, கூட்டுறவுச் சங்கத்திலோ ஆலய சபையிலோ பாடசாலைச் சங்கத்திலோ உறுப்பினராக இருக்கும் உங்களுக்கு ஒரு சொல். பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கையை வாசித்து முடித்தவுடன் தேநீருக்கு எழுந்துவிடாமல், ஒரு வினாவாவது கேளுங்கள். அது பொருளாளரை அவமதிப்பதாகாது. நேர்மையான பொருளாளருக்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை.

என் கதையின் எஞ்சிய பகுதியைச் சொல்லி முடிக்கின்றேன். பரீட்சைக்கு அனுப்பாது நிறுத்திய அந்த எழுவருள் ஒருவனைப் பல ஆண்டுகளின் பின்னர் ஒரு வன்சரக்குக் கடையிலே கண்டேன். கடையிலே வேலை செய்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கதிரை கொடுத்து, தேநீரும் வருவித்தான். அவன் முகத்திலே சிறிதும் கோபமில்லை. நான் புறப்படும் வேளையிலே, “சேர், அந்த முறை நான் சோதினை எழுதியிருந்தால் பாஸ் பண்ணியிருப்பேனோ?” என்று கேட்டான்.

என்னிடம் விடை இருக்கவில்லை. இருந்திருக்கவும் முடியாது, அந்த விடை பிறப்பதற்கு முன்னரே அதனை நான் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்கு அடுத்த ஆண்டு முதல், என் பாடசாலையிற் பத்தாண்டுக்கு மேல் கற்ற எந்தப் பிள்ளையையும் வீதத்திற்காக நான் நிறுத்தியதில்லை. அந்த ஆண்டுகளிலே வீதம் தாழ்ந்ததுண்டு; மேலிடத்திலே விளக்கம் கேட்டதும் உண்டு. தாழ்ந்த எண்ணோடு எழுந்து நின்று விளக்கம் கொடுப்பது சுகமானதன்று. ஆனால் அந்தக் கடையிலே, அந்த இளைஞனின் முன்னே, விளக்கமின்றி நின்றேனே, அதைவிட அது எளிதாகவே இருந்தது.

எண்ணின் பின்னே எப்பொழுதும் ஒரு மனிதன் நிற்கின்றான். கையொப்பமிடுமுன் அவன் முகத்தை ஒரு முறை நினைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வாய்க்குமாக.